மாநகராட்சியின் சொந்தக் கார்பன் கணக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சென்னை மாநகராட்சி 2023-இல் காலநிலைச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. 2050-க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வை எட்டுவது அதன் இலக்கு. மாநகராட்சி தன் சொந்த உமிழ்வையும் கணக்கிட வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் கூடவே சில நம்பிக்கைகளும் வருகின்றன. நல்லெண்ணம் உள்ளவர்களே அவற்றைச் சொல்கிறார்கள் என்பதால், திருத்துவது இன்னும் அவசியமாகிறது.

நம்பிக்கை: நகரத்தின் உமிழ்வைக் கணக்கிட்டாயிற்று, மாநகராட்சிக்குத் தனிக் கணக்கு எதற்கு?

இரண்டும் வேறு வேறு கணக்குகள். நகரத்தின் கணக்கில் உங்கள் வீட்டு ஏ.சி., அண்ணா சாலை நெரிசலில் நிற்கும் கார், அம்பத்தூர் தொழிற்கூடம் எல்லாம் சேரும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மாநகராட்சி வேண்டுகோள்தான் விடுக்க முடியும். சொந்தக் கணக்கில் வருபவையோ அதன் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவை: தெருவிளக்குகள், ரிப்பன் மாளிகையிலிருந்து மண்டல அலுவலகம் வரை எல்லாக் கட்டடங்களும், பள்ளிகள், சுகாதார நிலையங்கள், குப்பை லாரிகள், மழைக்காலத்தில் சுரங்கப்பாதைத் தண்ணீரை இறைக்கும் டீசல் மோட்டார்கள், அம்மா உணவக அடுப்புகள், எரிவாயு தகன மேடைகள். நகரத்தின் மொத்தத்தில் இது சிறிய பங்குதான். ஆனால் யாரையும் கெஞ்சாமல், ஆணையரின் ஒரு கையெழுத்தில் குறைக்கத் தொடங்கக்கூடிய பங்கு இது.

நம்பிக்கை: இதை அளக்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டும்.

வேண்டாம். தெருமுனைகளில் காற்றின் தரம் காட்டும் பலகைகள் நுண்துகள் போன்ற மாசுகளைப் பார்ப்பவை. அவற்றுக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பில்லை. இங்கே கருவி என்பது பில்தான். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. நாளுக்கு 30 லிட்டர் போடும் லாரி என்று வைத்துக்கொள்வோம்: தினம் 81 கிலோ, ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 30 டன். மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் சராசரி வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. 19 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் 50 கிலோவுக்கு மேல்.

இந்த ரசீதுகள் எல்லாம் தணிக்கைக்காக ஏற்கெனவே கோப்பில் இருப்பவை. கடினமான வேலை அவற்றை ஒன்றுசேர்ப்பது. மின் இணைப்பு எண் இருக்கும். அது எந்தப் பள்ளிக்கு, எந்தப் பூங்காவுக்கு உரியது என்று யாராவது உட்கார்ந்து பொருத்த வேண்டும். வண்டியின் லாக் புத்தகமும் டீசல் போட்ட ரசீதும் ஒத்துப்போக வேண்டும். ஏ.சி. மெக்கானிக் நிரப்பிய கேஸின் எடையும் வேண்டும். ஆர்-410ஏ என்ற ஏ.சி. வாயு ஒரு கிலோ கசிந்தால் அது சுமார் 2 டன் கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். அந்த எடையைப் பெரும்பாலும் யாரும் எழுதி வைப்பதில்லை.

நம்பிக்கை: குப்பைக் கிடங்கை மூடிவிட்டால் அதன் கணக்கும் முடிந்தது.

எனக்கு மிகவும் கவலை தரும் நம்பிக்கை இது. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் பல்லாண்டுகளாகக் கொட்டிய குப்பை, காற்றுப்படாத ஆழத்தில் மக்கும்போது மீத்தேனை வெளியிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்ஸைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். நம்முடையதைப் போன்ற ஈரமான வெப்பநாட்டில் உணவுக் கழிவு பாதியாக மக்குவதற்கு 2 ஆண்டுகள், காகிதத்துக்கு 10, மரத்துக்கு 20 என்று காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் (ஐ.பி.சி.சி.) வழிகாட்டி கொள்கிறது. அப்படியானால் 2005-இல் கொட்டிய காகிதத்தில் கால்பங்கு 2025-இலும் மக்கக் காத்திருக்கிறது. இதற்கு பில் கிடையாது. எந்த ஆண்டு எத்தனை டன் வந்தது, அதில் உணவு எவ்வளவு, காகிதம் எவ்வளவு என்ற பழைய எடைமேடைப் பதிவுகளை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். பயோமைனிங் முறையில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும்போது, எடுக்கும் அளவையும் இந்தக் கணக்கோடு இணைத்தால்தான் பலன் தெரியும்.

நம்பிக்கை: ஒப்பந்ததாரர் வண்டி நம் கணக்கில் வராது.

சென்னையின் பல மண்டலங்களில் குப்பை அள்ளுவது தனியாரிடம் இருக்கிறது. கலிபோர்னியாவில் 2008-இல் உருவான உள்ளாட்சிகளுக்கான கணக்குநெறி, யார் இயக்குகிறார்களோ அவர்கள் பெயரில் எழுது என்கிறது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால், வேலையை வெளியே கொடுத்த அன்றே மாநகராட்சியின் உமிழ்வு இறங்கிவிடும். அதே தெருவில் லாரி புகை விட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் மூன்றாவது பிரிவு இருக்கிறது: தானே எரிப்பது முதல் பிரிவு, வாங்கும் மின்சாரம் இரண்டாவது, பிறர் வழியாகச் செய்விப்பது மூன்றாவது. மூன்றாவதை எழுத, டீசல் அளவை மாதாமாதம் தரவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி வேண்டும்.

இந்த எல்லைக் கேள்வி நகரங்களை ஒப்பிடும்போதும் வரும். சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்திடம். பேருந்து மாநிலக் கழகத்திடம். கடல்நீரை நன்னீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் செலவாகும்; மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளின் அந்த மின்சாரம் மாநகராட்சிக் கணக்கில் ஏறாது. மதுரையில் குடிநீர் விநியோகம் மாநகராட்சியின் வேலை. இரு நகரங்களின் மொத்தத்தை அருகருகே வைத்து ஒன்றைப் பாராட்டுவது தவறு.

மரம் நட்டால் உமிழ்வு கழிந்துவிடும் என்பார்கள். மரம் நடட்டும், நிழலுக்கும் மழைநீருக்கும் அது வேண்டும். ஆனால் அதை உமிழ்விலிருந்து கழிக்காமல் தனியே எழுதுவதே முறை.

நம்பிக்கை: எண் குறைந்தால் முன்னேற்றம்.

மின்தொகுப்பில் சூரிய, காற்றாலை மின்சாரம் கூடினால், மாநகராட்சி ஒரு பல்பைக்கூட மாற்றாமலே எண் குறையும். மாறாகவும் நடக்கும். 2011-இல் 42 உள்ளாட்சிகள் இணைந்து சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால், எவ்வளவு சிக்கனம் செய்தாலும் உமிழ்வு எகிறியதாகவே தெரியும். எல்லை மாறினால் அடிப்படை ஆண்டையும் புதிய எல்லைக்கேற்பத் திரும்பக் கணக்கிட வேண்டும். இணைந்த உள்ளாட்சிகளின் பழைய ரசீதுகளைத் தேடி எடுக்க வேண்டும். டன்னோடு யூனிட்டையும் லிட்டரையும் மண்டலவாரியாக, நிதிநிலை அறிக்கையோடு ஆண்டுதோறும் அச்சிட்டால், எந்த மண்டலத்தில் உண்மையாகவே குறைந்தது என்று கவுன்சிலர்கள் மன்றத்தில் எழுந்து கேட்க முடியும்.