பட்டதும் பட்டையும்: குறுமரம் செதுக்க வருவோருக்குப் பத்து அறிவுரைகள்

மாடியில் போன்சாய் வளர்க்கத் தொடங்கியவர்கள் ஓராண்டு கழித்து என்னிடம் வரும்போது, கையில் பெரும்பாலும் ஒரே மாதிரியான படம் இருக்கும். ஜப்பானியப் பைன் ஒன்று. பாதித் தண்டு எலும்பைப் போல வெளுத்துக் காய்ந்திருக்கும். மறுபாதியில் கொஞ்சம் பட்டை மட்டும் நெளிந்து மேலேறி உச்சியில் பசுமையைத் தாங்கி நிற்கும். "ஐயா, என் மரத்தையும் இப்படிச் செதுக்கணும்" என்பார்கள்.

காஞ்சியில் தறிக்குழியில் கால் வைத்துப் பிழைத்தவன் நான். சாயங்காலங்களை இந்த மரங்களுக்குக் கொடுத்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

காய்ந்த கிளையை ஜப்பானியர் 'ஜின்' என்கிறார்கள். தெய்வம் என்று பொருள். காய்ந்த தண்டுப் பகுதி 'ஷாரி'. புத்தரின் திருமேனியில் எஞ்சியதைக் குறிக்கும் அந்தச் சொல், 'சரீரம்' என்ற சொல்லிலிருந்து போனது. சீனப் பயணி யுவான் சுவாங் 7-ஆம் நூற்றாண்டில் எழுதிய பௌத்தக் காஞ்சிக்கு அது அந்நியச் சொல் அல்ல. நம் தமிழ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 'பட்ட மரம்' என்றால் காய்ந்த மரம். 'பட்டது' என்றால் அனுபவித்தது. மரம் பட்டதைத்தான் பட்ட கட்டையில் காட்டப் போகிறீர்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

1. ஊருக்கு ஏற்ற மரத்தை எடுங்கள்.

படத்தில் இருக்கும் வெள்ளைப் பைனுக்குக் குளிர்கால ஓய்வு வேண்டும். நம் கத்திரி வெயிலில் அதை வைத்து வதைக்காதீர்கள். பைனின் சாயல் வேண்டுமென்றால் சவுக்கு இருக்கிறது. ஊசி போலத் தெரிவது அதன் இலை அல்ல, பச்சைக் குச்சி. கணுவுக்குக் கணு பல் போல ஒட்டியிருப்பதுதான் இலை. கட்டை கெட்டியானது, உளிக்கு ஈடுகொடுக்கும். தண்ணீர் மட்டும் நிறையக் கேட்கும். தோப்புக்காரரிடம் கேட்டு, ஓரத்தில் குட்டையாக நிற்கும் ஒன்றை முறையாக வாங்குங்கள்.

2. செதுக்கும் முன் காற்றின் வேலையைப் பாருங்கள்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்த மறுநாள், நான் தோப்புத் தோப்பாக நடந்தேன். ஒடிந்த கிளை எதுவும் ரம்பம் போட்டது போல இல்லை. நார் நாராகக் கிழிந்து, தண்டிலிருந்து ஒரு நீளப் பட்டையையும் உரித்துக்கொண்டு தொங்கியது. காலமும் இதே வேலையைச் செய்யும். அமெரிக்காவில் கலிபோர்னியா மலைகளில் நிற்கும் பிரிஸ்டில்கோன் பைன்களில் ஒன்றுக்கு 4,800 வயதுக்கு மேல். அந்தக் கிழ மரங்களில் பல, உடம்பின் பெரும்பகுதி பட்டுப்போய், ஒரே ஒரு பட்டை நாடாவில்தான் உயிர் வைத்திருக்கின்றன. உங்கள் படத்துப் பைன் நடிப்பது இந்த வாழ்க்கையைத்தான்.

3. உயிர் ஓடும் வழியை முதலில் கண்டுபிடியுங்கள்.

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு மெல்லிய ஈரப் படலம் உண்டு. தண்டு பருப்பது அங்கேதான். வேரின் நீர் அதற்கு உட்புறமுள்ள கட்டை வழியாக ஏறுகிறது. இலை சமைத்த உணவு பட்டை வழியாக இறங்குகிறது. ஆகவே பெரும்பாலும் ஒவ்வொரு கிளைக்கும் கீழே சில வேர்களோடு நெருங்கிய உறவு இருக்கிறது. இந்த உறவைத் தறியில் நீள ஓடும் பாவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தறியில் பாவிழை அறுந்தால் முடிச்சிட்டு நெசவைத் தொடரலாம். மரத்தின் இழைக்கு முடிச்சு கிடையாது.

இதை நான் ஒரு மரத்தைக் கொன்று கற்றேன். ஒன்பது ஆண்டு வளர்த்த சவுக்கு. தண்டின் முன்பக்கம் உரித்தது அழகாக வந்துவிட்டதே என்று பின்பக்கமும் உரித்தேன். இரண்டு காயங்களும் சந்தித்துத் தண்டைச் சுற்றி வளையமாகிவிட்டன. மூன்று வாரம் பச்சையாகவே நின்றது. பிழைத்தது என்றே நம்பினேன். நான்காவது வாரம் தொட்டதும் உதிர்ந்தது. பச்சையை நம்பாதீர்கள், பட்டையை நம்புங்கள்.

4. காரணம் இருக்கும் இடத்தில் மட்டும் கை வையுங்கள்.

தேவையில்லாத கிளையா? அதை வெட்டி எறியாமல் ஜின் ஆக்கலாம். தண்டில் ஆறாத பழைய வெட்டுக்காயமா? அதை ஷாரியாக நீட்டலாம். குறையே இல்லாத தண்டில் உளி வைக்காதீர்கள். பைனுக்கு வெடித்துத் தடித்த பட்டையே வயதின் அடையாளம். அதனால்தான் ஜப்பானில் பெரிய செதுக்கு வேலைகளைப் பைனைவிட ஜூனிப்பர் மரத்தில்தான் அதிகம் செய்கிறார்கள். சவுக்கிலும் நல்ல பட்டை வர ஆண்டுகள் ஆகும். உரித்தால் அரை மணியில் போய்விடும்.

5. ஒரு பருவத்தில் ஒரு காயம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் செதுக்கினால் ஈரக் காயத்தில் பூஞ்சை ஏறும். சித்திரை வெயிலில் செதுக்கினால் பட்டை விளிம்பு காய்ந்து பின்வாங்கும். தை பிறந்ததிலிருந்து மாசி முடிவதற்குள் வேலையை முடியுங்கள். அதே பருவத்தில் தொட்டி மாற்றுவது, வேர் நறுக்குவது, கம்பி கட்டி முறுக்குவது எதுவும் கூடாது. செதுக்கிய மரத்தைச் சில வாரம் பாதி நிழலில் வைத்துத் தண்ணீரை மட்டும் ஒழுங்காகக் கொடுங்கள்.

6. கிளையைச் சீவாதீர்கள், கிழியுங்கள்.

கிளையை வேண்டிய நீளத்துக்குச் சற்று அதிகமாக விட்டு நறுக்குங்கள். அடியில் கத்தியால் சுற்றிக் கீறிப் பட்டையை உரியுங்கள். நுனியைக் குறடால் கவ்வி நசுக்கி, நாரைப் பிடித்துத் தண்டின் பக்கமாக இழுங்கள். நார் எங்கே போகிறதோ அங்கேயே கிழியும். பென்சில் போலக் கூராகச் சீவிய ஜின்னைப் பார்த்ததும் மனிதக் கை தெரிந்துவிடும்.

7. தண்டில் இன்று கோடு, அடுத்த ஆண்டு உளி.

சுண்ணக்கட்டியால் எல்லை வரைந்து, மாதக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பாதிக் கோட்டை நீங்களே அழிப்பீர்கள். பிறகு விரல் அகலத்துக்கும் குறைவாக உரியுங்கள். மரம் தாங்கினால் ஆண்டுக்குக் கொஞ்சம் அகலப்படுத்தலாம். விளிம்பைக் கூரான கத்தியால் ஒரே வீச்சில் வெட்டுங்கள். பிசிறிய விளிம்பு ஆறாது. கட்டையில் நாரோட்டத்தோடு உளி போகட்டும், குறுக்கே போகக் கூடாது.

மின் கருவி வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். போன்சாய் செதுக்கலில் அதைத் துணிந்து கையாண்டு உலகப் புகழ் பெற்றவர் மசாஹிகோ கிமுரா. அவர் ஜப்பானின் ஓமியாவில் 11 ஆண்டு சீடராக இருந்தவர். அந்த 11 ஆண்டை மறந்துவிட்டு அவர் கருவியை மட்டும் வாங்காதீர்கள். வாங்கினால் கண்ணாடியும் முகக்கவசமும் சேர்த்து வாங்குங்கள்.

8. தண்ணீர் தேங்க இடம் கொடுக்காதீர்கள்.

1979-லும் 2019-லும் காஞ்சியில் அத்திவரதரைச் சேவித்தேன். 40 ஆண்டு அனந்தசரஸ் குளத்து நீருக்கடியில் இருந்துவிட்டு, 48 நாள் தரிசனம் தந்த அத்திமரத் திருமேனி. கும்பிட்ட கை இறங்கும் முன்னே மனம் மரத்தைப் பற்றி யோசித்தது. முழுக்க நீரில் மூழ்கிய மரத்துக்குக் காற்று கிடைக்காது. அழுகச் செய்யும் பூஞ்சை அங்கே வாழ முடியாது. முழுக்கக் காய்ந்த மரமும் நிற்கும். நனைவதும் காய்வதுமாக இருக்கும் இடம்தான் உளுத்துப்போகும். குறுமரத்தில் அந்த இடம் மண்ணைத் தொடும் அடித்தண்டு. ஷாரியை மண் வரை இழுக்காதீர்கள். குழி தோண்டினால் அடியில் நீர் வடிய வழி விடுங்கள். கிண்ணமாக முடியக் கூடாது, ஓடையாக முடிய வேண்டும். கரையான் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

9. வெள்ளைப் பூச்சில் அவசரம் வேண்டாம்.

படத்தில் தெரியும் வெண்மை சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசலால் வருவது. அது அழுகலையும் தடுக்கும். செதுக்கிய கட்டை சில மாதம் காயட்டும். பிறகு வெயில் நாளில், லேசாக ஈரப்படுத்திய கட்டையில் சிறு தூரிகையால் தடவுங்கள். முதலில் மஞ்சளாக இருக்கும், காயக் காய வெளுக்கும். உயிருள்ள பட்டையிலும் மண்ணிலும் படாமல் துணியால் மூடிக்கொள்ளுங்கள். கையுறை கட்டாயம். அமிலம் எதையும் அதனுடன் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும். வெண்மை கண்ணை உறுத்தினால் ஒரு சொட்டுக் கறுப்பு மை சேர்த்தால் சாம்பல் நிறம் வரும்.

10. எங்கே நிறுத்துவது என்று உலகளந்தாரிடம் கேளுங்கள்.

நம் நாட்டில் போன்சாயை 'வாமன விருட்சம்' என்று சொல்பவர்கள் உண்டு. உலகளந்த பெருமாள் சந்நிதியில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் புரியும். குள்ளன் என்று நினைக்கப்பட்ட வாமனன் வானத்தை அளந்தான். உங்கள் ஒரு சாண் மரமும் பார்ப்பவர் மனத்தில் அப்படி ஓங்க வேண்டும். ஓர் உளித்தடம் தெரிந்தால் போதும், அது மறுபடி தொட்டிச் செடியாகச் சுருங்கிவிடும். கருவியின் தடத்தைக் கம்பித் தூரிகையால் நாரோட்டத்தோடு தேய்த்து மறையுங்கள். இன்னும் கொஞ்சம் என்று கை துடிக்கும்போது உளியைக் கீழே வையுங்கள்.

அன்று கொன்ற மரத்துக்குப் பிறகு வளர்த்த சவுக்கு ஒன்று என் மாடியில் இருக்கிறது. ஷாரியின் இரு பக்கமும் பட்டை ஆண்டுக்கு ஆண்டு தடித்து, உதடு போல உருண்டு வருகிறது. அந்த விளிம்பில் என் உளி பட்ட இடம் எது, மரம் தானாக வளர்ந்த இடம் எது என்று இப்போது எனக்கே தெரியவில்லை. பட்ட கட்டை அழகாகத் தெரிவது பக்கத்தில் அந்தப் பட்டை உயிரோடு இருப்பதால்தான்.

அடுத்த தை மாதம் வாருங்கள். சுண்ணக்கட்டிக் கோடு போட்ட மரத்தை எடுத்து வாருங்கள். உளியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். முதலில் கோட்டைப் பார்ப்போம்.