அழகுக்காகக் கத்தியின் கீழ் படுக்கும் முன்



சென்ற மாதம் லுஹர் தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு வாலிபர் என்னிடம் வந்தார். தொப்பியைக் கழற்றிக் காட்டினார். 28 வயதுதான், முன்தலை முழுவதும் வழுக்கை. "ஹஜ்ரத், நாலு இடத்தில் பெண் பார்த்தாயிற்று. எல்லோரும் என் தலையைத்தான் பார்க்கிறார்கள். முடி நடும் சிகிச்சை செய்துகொள்ளலாமா? மார்க்கத்தில் கூடுமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

மார்க்கத்தின் எல்லை

அழகாக இருக்க ஆசைப்படுவது பாவமல்ல. அல்லாஹ் அழகை விரும்புகிறான் என்று நபி (ஸல்) அவர்களே கற்றுத் தந்தார்கள். ஆனால் அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கிக்கொள்ளும் பெண்களை அவர்கள் சபித்ததை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கிறார்கள். அது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது. மனிதர்களை அப்படி மாற்றத் தூண்டுவேன் என்று ஷைத்தான் சபதமிட்டதை நிஸா அத்தியாயத்தின் 119வது வசனம் கூறுகிறது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அர்ஃபஜா (ரலி) அவர்கள் ஜாஹிலிய்யா காலத்தில் குலாப் போரில் மூக்கை இழந்தார்கள். வெள்ளியில் மூக்கு செய்து பொருத்தினார்கள். அதில் துர்நாற்றம் வந்தது. தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஆண்களுக்குத் தங்கம் ஹராம். ஆனாலும் முகத்தின் குறையை நீக்க அதற்கு அனுமதி கிடைத்தது!

பனூ இஸ்ராயீல் மூவரின் சம்பவம் புகாரியில் வருகிறது. அவர்களில் ஒருவர் வழுக்கைத் தலையர். மக்கள் வெறுக்கும் இந்தக் குறை நீங்க வேண்டும் என்றார். வானவர் தடவினார், அழகிய முடி வந்தது. முடி கேட்டதற்காக அவர் பழிக்கப்படவில்லை. கிடைத்த பிறகு நன்றி மறந்ததற்காகத்தான் பழிக்கப்பட்டார்.

2007ல் மலேசியாவின் புத்ரஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் இதே எல்லையைத்தான் வகுத்தது. பிளவுபட்ட உதடு, தீக்காயம், விபத்தில் சிதைந்த முகம் போன்ற குறைகளைச் சரிசெய்வது கூடும். நல்ல நிலையில் இருக்கும் முகத்தை யாரோ ஒரு நடிகரைப் போல மாற்றுவது கூடாது.

உயிர் ஒரு அமானிதம்

சகோதரர்களே! 2023ல் மட்டும் உலகில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான அழகு அறுவை சிகிச்சைகள் நடந்ததாக இத்துறை நிபுணர்களின் சர்வதேச சங்கம் கணக்கிட்டது. இத்தனை பேர் செய்வதாலேயே அது ஆபத்தில்லாதது என்று ஆகிவிடாது. கொழுப்பை எடுத்து இடுப்பின் பின்புறம் ஏற்றும் சிகிச்சையில் சுமார் 3,000 பேருக்கு ஒருவர் இறக்கக்கூடும் என்று 2017ல் நிபுணர்களே எச்சரித்தார்கள். கொழுப்பு இரத்தக் குழாய்க்குள் புகுந்து நுரையீரலை அடைத்துவிடுகிறது.

முடி நடுவது சின்ன விஷயம்தானே என்கிறீர்களா? 2016ல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர் உடல்நிலை மோசமாகி இறந்தார். நாளை டாக்டராக வேண்டியவர்! பயிலரங்குகளிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றுக்கொண்டு இச்சிகிச்சையைச் செய்யக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022ல் அறிவுறுத்த வேண்டி வந்தது. எனவே விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். மயக்க மருந்து கொடுப்பவர் யார், கத்தி பிடிப்பவர் யார், அவர் பதிவு பெற்ற மருத்துவரா, நிலைமை மோசமானால் ஐசியு எங்கே என்று கேளுங்கள்.

யாருடைய பணம்?

அந்த வாலிபர் மாதத் தவணையில் கடன் வாங்கி இருந்தார். வட்டிக் கடன்! ஆகுமான ஒன்றை ஹராமான பணத்தில் செய்யலாமா? செலவும் ஒருமுறையோடு முடிவதில்லை. பின்தலை முடியை எடுத்து முன்னால் நடுகிறார்கள். நட்டது நின்றாலும், பக்கத்தில் இருக்கும் பழைய முடி கொட்டிக்கொண்டே இருக்கும். மருந்து தொடர வேண்டும், சிலருக்கு மறுபடியும் நட வேண்டியிருக்கும்.

அவரிடம் மூன்று விஷயம் சொன்னேன்: "தம்பி, இழந்ததைத் திரும்பப் பெறுவது கூடும். ஆனால் வட்டியில் செய்யாதீர்கள். தகுதியான மருத்துவர் இல்லாமல் செய்யாதீர்கள். செய்தால் பெண் வீட்டாரிடம் மறைக்காதீர்கள். நிகாஹ் பொய்யில் தொடங்கக் கூடாது." வட்டிப் பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டுச் சொந்தச் சம்பாத்தியத்தில் பிறகு பார்க்கிறேன் என்று போனார்.

நம்மை நோக்கி ஒரு கேள்வி

அவர் போன பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த நாலு வீடும் நம் ஜமாஅத்து வீடுகள்தானே! ஐந்து வேளை தொழும், ஹலாலாகச் சம்பாதிக்கும் ஒரு பிள்ளையைத் தலைமுடிக்காகத் திருப்பி அனுப்பினோம். பெண் பிள்ளைகளையோ நிறத்துக்காகவும் மூக்குக்காகவும் பல்லுக்காகவும் திருப்பி அனுப்புகிறோம். அவர்களைக் கத்தியின் கீழ் படுக்க வைப்பது டாக்டரா, நாமா?

அல்லாஹ் நம் உருவங்களையோ செல்வங்களையோ பார்ப்பதில்லை, உள்ளங்களையும் அமல்களையுமே பார்க்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லிச் சென்றார்கள். அடுத்த முறை பெண் பார்க்க, மாப்பிள்ளை பார்க்கப் போகும்போது இதை நினைவில் வையுங்கள்.

அல்லாஹ் நம் உருவங்களை அழகாக்கியது போல் நம் குணங்களையும் அழகாக்குவானாக! ஆமீன்.