குளம்பொலிக்கு முன்னே வரும் அச்சம்





கொலைகாரன் யாரென்று முன்பே தெரிந்துவிட்டால் குற்றத் தொடரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்வி, யாராவது கதையைச் சொல்ல வாயெடுத்தாலே காதைப் பொத்திக்கொள்ளும் இக்காலப் பழக்கத்தில் பிறந்தது. அந்தப் பழக்கமோ ரசனைக் குறைவு. நடந்தது இன்னதென்று அறியாத நிலை மர்மம். நடக்கப்போவதை அறிந்தும் தடுக்க இயலாத நிலை திகில். முன்னது விடை கிடைத்ததும் தீர்ந்துபோகும். பின்னது விடை தெரிந்த பிறகே வலுக்கும்.

1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்த ‘மர்மதேசம்’ வரிசையில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ இத்தகைய திகிலுக்குத் தக்க சான்று. தவறு செய்தவரைக் காவல் தெய்வமான கருப்பே தண்டிப்பதாகக் கதையின் ஊர் நம்புகிறது; கருப்பாக வருவது பிளவாளுமை உடைய, அதாவது ஓர் உடலில் இரு ஆளுமைகள் குடியிருக்கும், மனிதன் ஒருவனே என்பது இறுதியில் வெளிப்படுகிறது. கால் நூற்றாண்டாக ஊரறிந்த இந்த முடிச்சு, யூடியூபில் தொடரை மீண்டும் பார்ப்பவரின் படபடப்பைச் சிறிதும் குறைப்பதில்லை. தப்புச் செய்த ஒருவன் இருட்டில் தனியே நடக்கும்போது, குதிரைக் குளம்பொலி எழுவதற்கு முன்பே, ‘வரட்டும், இவனுக்கு வேண்டும்’ என்று பார்ப்பவர் மனம் கருப்பை அழைத்துவிடுகிறது. அறச்சங்கடம் தொடங்கும் இடம் அது. தெய்வத் தீர்ப்பு என்று எண்ணியவரை உறுத்தாத அந்த ‘வரட்டும்’, வந்தவன் மனிதன் என்று தெரிந்ததும் தொண்டையில் முள்ளாகச் சிக்குகிறது.

கருப்பு கண்ணுக்குத் தெரியாமலே அச்சமூட்டும் விதத்தை அழகர்கோயிலில் காணலாம். அங்கே பதினெட்டாம்படிக் கருப்புக்கு உருவம் இல்லை. சந்தனம் அப்பிய அடைத்த கதவுகளே தெய்வம். வழக்காடும் இருவர் அக்கதவின் முன் சத்தியம் செய்ய நிற்கையில், பொய்யனுக்குக் கதவு திறக்காமலே நா வறளும் என்பது நம்பிக்கை. திரைக்கதை எழுதப் பழகுவோர் அயல்நாட்டுக் கையேடுகளைப் புரட்டுவதற்கு முன் அங்கே அரைநாள் நிற்பது நல்லது.

இந்த அச்சத்துக்குப் பழைய இலக்கணமும் உண்டு. உணர்ச்சி உடலில் தோன்றும் விதத்தைக் கூறும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் அச்சத்தின் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு. ஓர் அச்சம் மற்றோர் அச்சமாக உருமாறுவதே சிறந்த குற்றத் தொடரின் இலக்கணம் என்று கொள்ளலாம்; ‘விடாது கருப்பி’ல் அணங்கச்சம், அதாவது தெய்வத்தின்மேல் கொண்ட அச்சம், மனித அச்சமாகிறது. 2022இல் ஜீ5 தளத்தில் வெளியான பிரசாந்த் பாண்டியராஜின் ‘விலங்கு’ தொடர், மிருகம், கைவிலங்கு என்னும் இருபொருளையும் தலைப்பிலேயே தாங்கி, அச்சத்தை இறையின்மேல், அதாவது தண்டிக்கும் அதிகாரத்தின்மேல், ஏற்றுகிறது. கண்டெடுத்த பிணத்தின் தலை காணாமற்போகும்போது உதவி ஆய்வாளர் பரிதிக்குக் கொலைகாரனைவிட மேலதிகாரியே பெரிய அச்சம். விசாரணையில் அடி விழும்போது, உண்மை வெளிவந்தால் போதும் என்று பார்ப்பவரும் பேசாமல் இருந்துவிடுகிறார்.

அந்த விசாரணைக் காட்சியை மறுமுறை பார்க்கையில் திரையை விட்டுவிட்டு, உடன் அமர்ந்திருப்பவரின் முகத்தைக் கவனிக்க.