கைக்குழந்தையும் ஷிப்ட் வேலையும்

போன வருஷம் ஒரு சாயங்காலம். ஏழு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் என் வைத்தியசாலைக்கு ஓடிவந்தார். தனியார் மருத்துவமனையில் நர்ஸ். "மதியத்திலேருந்து கண்ணே திறக்கல டாக்டர், பாலும் குடிக்கல" என்றார். தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, ஆனால் குழந்தை துவண்டு கிடந்தது. சூரணம், கஷாயம் என்று நேரம் கடத்துகிற விஷயமல்ல இது. உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். நல்லவேளை, பிழைத்துக்கொண்டது.

அப்புறம் விசாரித்தால், குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண், 'அழாமல் தூங்கட்டும்' என்று பெரியவர்கள் குடிக்கிற இருமல் மருந்தில் அரை ஸ்பூன் புகட்டியிருக்கிறார். அந்த மாதத்தில் அவர் மூன்றாவது ஆள்!

"நான் வேலைக்குப் போனதுதான் தப்பா டாக்டர்?" என்று அழுதார் தாய். வேலைக்குப் போனது தப்பே இல்லை. கிடைத்த ஆளிடம் கிடைத்த நேரத்துக்குக் குழந்தையை விட்டதுதான் தப்பு. ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு நேரம் மாறலாம். குழந்தையைப் பார்க்கிற முகம் மாறக்கூடாது.

முதலில் கணக்குப் போடுங்கள்

ஆளைத் தேடுவதற்கு முன்னால் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். அந்த நர்ஸுக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கையே சொல்கிறேன். கணவருக்கு லேத் பட்டறையில் காலை 9 முதல் மாலை 6 வரை வேலை. 8.30-க்குக் கிளம்பி 6.30-க்கு வீடு திரும்புவார். மனைவிக்கு வாரம் ஒரு ஷிப்ட், ஆறு நாள் வேலை.

காலை ஷிப்டில் 8.30 முதல் 2.30 வரை வீட்டில் யாரும் இல்லை: 6 மணி நேரம். மதிய ஷிப்டில் 1.30 முதல் 6.30 வரை: 5 மணி நேரம். இரவு ஷிப்ட் என்றால் ராத்திரி அப்பா இருக்கிறார். ஆனால் விடிந்து வருகிற அம்மா 9 முதல் 1 வரையாவது தூங்க வேண்டும்: 4 மணி நேரம். மூன்று வாரத்துக்குக் கூட்டினால் 90 மணி நேரம். சராசரி வாரத்துக்கு 30.

இவர்களோ 9 முதல் 6 வரை நடக்கும் காப்பகத்துக்கு, வாரம் 54 மணி நேரத்துக்கான முழுப் பணத்தைக் கட்டி வந்தார்கள். அதிலும் 8.30-க்கும் 6.30-க்கும் கதவு பூட்டியிருக்கும். அந்த அரை மணி, ஒரு மணிக்குத்தான் ஆள் மாற்றி ஆள் பிடித்தார்கள்.

பகல் தூக்கம் கூடாது என்று எங்கள் சித்த நூல்கள் சொல்வது உண்மை. அது இரவில் தூங்குகிறவர்களுக்கு. ராத்திரி முழுக்கக் கண் விழித்த தாய் தூங்காவிட்டால் உடம்பு கெடும். குழந்தையைக் கவனிக்கவும் தெம்பு இருக்காது. ஆகவே அந்த 4 மணி நேரத்தைச் செலவு என்று நினைத்துக் குறைக்காதீர்கள்.

எங்கே தேடுவது?

முதலில் நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும். தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது வந்த உரிமை இது. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நாலு தாய்மார் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். 'பால்னா' திட்டத்தில் சில அங்கன்வாடிகளோடு சேர்ந்த காப்பகங்களும் உண்டு. 6 மாதக் குழந்தை முதல் சேர்க்கலாம். உங்கள் பகுதி அங்கன்வாடியில் விசாரியுங்கள்.

இரண்டும் அமையாவிட்டால், பேரன் பேத்தி வளர்த்த ஒரு பெரியம்மா உங்கள் தெருவிலேயே இருப்பார். மணிக்கு இவ்வளவு என்று பேசி, மாதம் ஒரே தேதியில் கொடுங்கள். 'ஏதோ பார்த்துக் கொடும்மா' என்று விட்டால் இருவருக்கும் மனஸ்தாபம்தான் மிஞ்சும். மாதத்துக்கான ஷிப்ட் அட்டவணையை அவர் வீட்டுச் சுவரிலும் ஒட்டுங்கள். அவருக்கு முடியாத நாளுக்கு இன்னொருவரையும் முன்கூட்டியே பழக்கி வையுங்கள். முதல் வாரம் நீங்களும் கூடவே இருங்கள்.

அவரிடம் சொல்ல வேண்டியவை

* குழந்தையைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அந்த வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை முடியும்வரை குழந்தையை அங்கே விடாதீர்கள்.

* பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடலாம். கொதிக்க வைக்கக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்தால் போதும். பாலாடையில் புகட்டட்டும். மீந்ததை எடுத்து வைக்க வேண்டாம்.

* மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். தலையணை வேண்டாம்.

* ஒரு வயது வரை தேன் நாக்கில் தடவக் கூடாது.

* தூக்க மருந்து, இருமல் மருந்து ஒரு சொட்டுக்கூடக் கூடாது. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர். அந்தப் பெயரை நம்பி ஆளாளுக்கு உரைத்து ஊற்றுவது ஆபத்து. உரை மருந்தும் அப்படியே. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: வைத்தியர் சொல்லாமல் வேண்டாம்.

* குழந்தை எழுப்பியும் எழாவிட்டால், பால் மறுத்தால், மூச்சு வாங்கினால் உங்களுக்குப் போன் செய்யக்கூடக் காத்திருக்காமல் 108-ஐ அழைக்கட்டும்.

அந்த நர்ஸின் குழந்தையை இப்போது தெருக்கோடியில் ஒரு பாட்டி பார்த்துக்கொள்கிறார். போன வாரம் தடுப்பூசி போட்டுவிட்டு வரும் வழியில் மூவரும் என்னிடம் எட்டிப் பார்த்தார்கள். குழந்தை பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "என்கிட்டகூட வரமாட்டேங்கறான் டாக்டர்" என்றார் தாய். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.