தகப்பன் கண்டித்தும் மகன் ஏன் கேட்கவில்லை?



“என் கெட்ட பழக்கம் என்னோடே போகட்டும், என் பிள்ளைக்கு வேண்டாம்” என்று நினைக்காத தகப்பன் உண்டோ? ஆனாலும் அடிதடியும் திருட்டும் சில வீடுகளில் தலைமுறையாய் இறங்கி வருகிறதே, ஏன்?

1961-ல் தென்லண்டனில் 8, 9 வதுப் பையன்கள் 411 பேரைக் குறித்து ஓர் ஆராய்ச்சி ஆரம்பமானது. பல பத்தாண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். கோர்ட்டில் தண்டனை பெற்ற தகப்பன்மாரின் மகன்களில் 100-க்கு 63 பேர் தாங்களும் தண்டனை பெற்றார்கள். மற்றப் பையன்களிலோ 100-க்கு 30 பேர்தான்.

ஒரு காரியத்தைக் கவனியுங்கள். அந்தத் தகப்பன்மார் யாரும், “போய்த் திருடுடா” என்று கற்றுக்கொடுக்கவில்லை. மகன் தவறியபோது கண்டிக்கவே செய்தார்கள். அப்படியானால் அது எப்படி இறங்கியது?

முதலாவது, கண்காணிப்பு இல்லை. பையன் எங்கே போகிறான், யாரோடு சுற்றுகிறான் என்று பார்ப்பது அந்த வீடுகளில் குறைவாயிருந்தது.

இரண்டாவது, சொன்ன சொல்லில் நிலையில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்பவர் வீடுகளுக்குள்ளேயே ஆட்களை அனுப்பிக் கவனித்து, 1982-ல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அவர் சொல்வதை நம் வீட்டில் வைத்துப் பாருங்கள். “டிவியை அணைடா” என்கிறாள் தாய். மகன் கத்துகிறான். அவளும் கத்துகிறாள். அவன் தட்டை எறிகிறான். “எப்படியோ தொலை” என்று அவள் விட்டுவிடுகிறாள். சத்தம் நின்றது. ஆனால் பிள்ளை கற்றது என்ன? கத்தினால் காரியம் நடக்கும்! மறுநாள் தகப்பன் அடித்து அடக்குகிறார். பலமுள்ளவன் ஜெயிப்பான் என்பதையும் கற்றுக்கொள்கிறான். இதே பாடத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோகிறான். நல்ல பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள். வாலிப வயதில் தன்னைப் போன்றவர்களோடேயே சேருகிறான்.

மூன்றாவது, பிறவிக் குணமும் ஓரளவு உண்டு. ஆனால் அது தலைவிதி அல்ல. அந்த 100-ல் 37 பேர் தப்பினார்களே!

ஆகையால் பெற்றோரே, குறைவாய்ச் சொல்லுங்கள், சொன்னதில் நில்லுங்கள். தண்டனை சிறியதாயிருக்கட்டும், ஆனால் தவறாமல் இருக்கட்டும். நல்லது செய்தால் உடனே பாராட்டுங்கள். “எங்கே போறே, யாரோட போறே, எப்போ வருவே?” என்று அன்பாய்க் கேளுங்கள்.

கடன்காரர் கதவைத் தட்டும்போது, “அப்பா இல்லைன்னு சொல்லு” என்கிறீர்களா? ஆராதனையில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகமா? வீட்டு முகத்தைத்தான் பிள்ளை தினமும் பார்க்கிறான். அதை இன்றைக்கே மாற்றத் தீர்மானம் எடுங்கள்.