கோழியின் மூச்சும் விழுங்கலும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவர்)

கொல்லையில் நான்கு கோழிகள் இருந்தால் ஏழை வீட்டில் அவசரச் செலவுக்குக் கைமாற்று தேட வேண்டியதில்லை. முத்துப்பேட்டையில் என் அம்மா வளர்த்த இரண்டு சேவல்களை விற்றுத்தான் என் முதல் பருவத் தேர்வுக் கட்டணம் செலுத்தப்பட்டது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே கோழியைப் பற்றி எழுதுவதை ஒரு நன்றிக்கடனாகவே கருதுகிறேன்.

சென்ற ஐப்பசி அடைமழையில் எங்கள் முட்டைக்கோழி ஒன்று கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து நின்றது. "தொண்டையில என்னமோ சிக்கிக்கிச்சு தம்பி" என்றார் அம்மா. நான் அலகைத் திறந்து ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றினேன். இரண்டு முறை தலையை உதறிய கோழி என் கையிலேயே உயிர்விட்டது. அடுத்த ஒரு வாரத்தில் மேலும் ஐந்து கோழிகள் மாண்டன. அது வெள்ளைக்கழிச்சல் என்று கால்நடை மருத்துவர் சொன்னபோது காலம் கடந்துவிட்டது.

பின்னர் வகுப்பில் பறவைகளின் உறுப்பமைப்பைப் படித்தபோதுதான் என் தவறு விளங்கிற்று. கோழியின் மூச்சுக்குழல் வாசல் நாக்கின் அடிப்பகுதியிலேயே திறந்திருக்கிறது. வாயில் ஊற்றும் நீரோ எண்ணெயோ எளிதில் அதற்குள் இறங்கிவிடும். கோழிக்கு நம்மைப் போல் உதரவிதானமும் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைவதால்தான் நுரையீரலுக்கும் ஒன்பது காற்றுப் பைகளுக்கும் காற்று சென்று வருகிறது. மார்பை இறுக்கிப் பிடித்தாலே அதற்கு மூச்சு முட்டும்.

இனி, துன்பம் மூச்சிலா விழுங்கலிலா என்று அறியும் வழியைக் காண்போம்.

விழுங்கல் கோளாறு பெரும்பாலும் ஒரு கோழியை மட்டும் பிடிக்கும். அது தலையை உதறும். திரும்பத் திரும்ப விழுங்குவதுபோல் கழுத்தை வளைக்கும். கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். மாலையில் அது நிறைந்திருப்பது இயல்பு. விடியற்காலை, பஞ்சாரத்தைத் தூக்குமுன், காலியாக இருக்க வேண்டும். அப்போதும் கல்போல் கெட்டியாக இருந்தால் வைக்கோலோ நாரோ அடைத்திருக்கலாம். நீர்ப்பைபோல் தளதளத்து, வாயில் புளித்த நாற்றம் வீசினால் பூசணத் தொற்று இருக்கலாம். வாய்க்குள் மஞ்சள் நிறப் படலம் தெரிந்தால் அம்மை நோயை நினைக்க வேண்டும். கொசுக்கள் அதைப் பரப்பும்.

மூச்சுக் கோளாற்றில் ஒலியே முதல் சாட்சி. இரவில் கோழிகள் அடைந்தபின் பஞ்சாரத்தருகே அமர்ந்து கேளுங்கள். கர்கர் என்ற இழுப்பு, தும்மல், ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்குதல், கொண்டை நீலம் பாய்தல் ஆகியவை அதன் குறிகள். முகம் வீங்கி மூக்கில் நாற்றநீர் வடிந்தால் அது தொற்றுச் சளி. மழைக்காலத்தில் பூசணம் பிடித்த நெல்லும் நனைந்த வைக்கோலும் நுரையீரலைக் கெடுக்கும். மண்புழுவை உண்பதன் மூலம் மூச்சுக்குழலில் செம்புழுக்கள் குடியேறி வாயைப் பிளக்கச் செய்வதும் உண்டு. ஆனால் கத்திரி வெயிலில் வாயைத் திறந்து இரைப்பதெல்லாம் நோயன்று. வியர்வைச் சுரப்பி இல்லாத கோழி அவ்வாறுதான் உடலைக் குளிர்விக்கிறது. நிழலில் விட்டால் அடங்கிவிடும்.

இரைப்போடு பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தும் திருகினால் அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும், 1927இல் நம் நாட்டில் குமாவூன் மலையிலுள்ள ராணிக்கெட்டிலும் கண்டறியப்பட்டதால் இதற்கு அவ்வூர்ப் பெயர்கள் வந்தன. வைரசால் வரும் இதற்கு மருந்தில்லை, தடுப்பு உண்டு. குஞ்சு பிறந்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரம் இறக்கையில் ஊசியும் போட வேண்டும். தீவனமாகவே கொடுக்கக்கூடிய குருணைத் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ளது.

அறிகுறி கண்டால் செய்ய வேண்டியவை சில. நோயுற்ற கோழியைத் தனியே பிரியுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தண்ணீரை அருகில் வையுங்கள், தானே குடிக்கட்டும். கால்நடை மருந்தகத்திற்கு உடனே சொல்லுங்கள். பல கோழிகள் திடீரென மடிந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், அறுத்து உண்ணாதீர்கள், விற்கவும் செய்யாதீர்கள். பறவைக் காய்ச்சல் மனிதரையும் தொற்றக்கூடியது. மருத்துவர் பார்த்துச் சொல்லும் முறைப்படி இறந்தவற்றை ஆழப் புதைக்க வேண்டும்.

இப்போது எங்கள் கொல்லையில் ஒன்பது குஞ்சுகள் மேய்கின்றன. ஏழாம் நாள் சொட்டு மருந்துக்கு அவற்றைக் கூடையில் வைத்துக் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுபோனவர் அம்மாதான். எழுத்தறியாத அவர் இரவு படுக்குமுன் பஞ்சாரத்தருகே குனிந்து காது கொடுக்கிறார். நான் வகுப்பில் கற்றதில் வீட்டிற்குப் பயன்பட்ட முதல் பாடம் அதுவே. நண்பர்களே, உங்கள் வீட்டுக் கொல்லையிலும் இன்றிரவு ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள்.