காட்டிற்கு விதைத்தவர் யார்?



சென்ற ஆண்டு ஜூலை மாதம், வன மகோத்சவ வாரத்தில், அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்த நாங்கள் பள்ளிக் கிணற்றின் அருகே ஒரு நாற்றங்கால் அமைத்தோம். கல்வராயன் மலையிலிருந்து வந்து படிக்கும் தோழி ஒருத்தி, ஒரு பை நிறையக் கொன்றை விதைகள் கொண்டுவந்தாள். முந்திய ஆண்டு பொறுக்கித் தகர டப்பாவில் போட்டு வைத்திருந்த வேப்பங்கொட்டைகளும் எங்களிடம் இருந்தன. மண்ணைக் கொத்தி, எரு இட்டு, முறை வைத்து நாள்தோறும் நீர் ஊற்றினோம். ஒரு மாதம் ஆயிற்று. வேம்பில் ஒன்றுகூட முளைக்கவில்லை. முளைத்த கொன்றைகளை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். அந்தப் பாத்தியைக் கடக்கும்போதெல்லாம் தலை குனிந்து நடந்தோம்.

"நாம் நீர் ஊற்றியும் முளைக்காத விதை, யாருமே நீர் ஊற்றாத எங்கள் மலையில் மட்டும் எப்படி முளைக்கிறது?" என்று அந்தத் தோழி வினவினாள். அறிவியல் கற்பிக்கும் சிஸ்டர் உடனே விடை கூறவில்லை. "பிப்ரவரியில் மலைக்குப் போவோம். காட்டையே கேட்டுப் பாருங்கள்" என்றார்கள்.

தூங்கும் காடு

அவ்வாறே கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கோமுகி அணையில் இறங்கி, வெள்ளிமலை செல்லும் சாலையில் நடந்தோம். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. பசுமையைக் காணச் சென்ற எங்களுக்கு முதலில் ஏமாற்றமே கிடைத்தது. மரங்கள் மொட்டையாய் நின்றன. காலடியில் சருகு நொறுங்கியது. "காடு செத்துவிட்டதா, சிஸ்டர்?" என்று கேட்டோம்.

சாகவில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, இங்கே பல மாதங்கள் மழை மிக அரிது. இலைகளின் வழியே நீர் ஆவியாகிப் போகும். ஆகவே மரங்கள் இலைகளை உதிர்த்துத் தம் நீரைக் காத்துக்கொள்கின்றன. இதனையே உலர் இலையுதிர் காடு என்கிறோம்.

டென்மார்க் நாட்டுத் தாவரவியல் அறிஞர் கிறிஸ்டன் ரவுன்கியர் (1860–1938) செடிகொடிகளை வகுக்க ஒரு எளிய கேள்வியைக் கேட்டார். கடுமையான பருவத்தில் ஒரு செடி தன் அடுத்த தளிருக்கான மொட்டை எங்கே வைத்துக் காக்கிறது? அந்தக் கேள்வியோடு நாங்கள் காட்டைப் பார்த்தோம். வேங்கையும் மருதும் மொட்டுகளைக் கிளையில், உயரத்தில் வைத்திருக்கின்றன. தரையோடு படரும் சிறு செடிகள் மண்ணுக்குச் சற்று மேலே வைத்துள்ளன. சரிவுகளில் காய்ந்து நிற்கும் புற்கள் தூரின் அடியில், மண்ணை ஒட்டி வைத்துள்ளன. நம் மாநில மலராகிய செங்காந்தள் மண்ணுக்குள் கிழங்கில் ஒளித்து வைக்கிறது. தும்பையும் குப்பைமேனியுமோ முழுதும் மடிந்து, விதையை மட்டும் விட்டுச் செல்கின்றன. அவற்றின் உயிர் முழுவதும் அந்தச் சிறு விதைக்குள்தான்!

விதைகளின் பயணம்

தாய் மரத்தின் அடியில் விழும் விதைக்கு நிழல் மிகுதி; நீரும் கிடைப்பது அரிது; பூச்சியும் நோயும் அங்கே காத்திருக்கும். ஆகவே விதை வீட்டை விட்டுப் புறப்பட்டாக வேண்டும்.

முதல் வாகனம் காற்று. வேங்கையின் காய் வட்டக் காசு போல் விளிம்பில் சிறகு கட்டியிருக்கிறது. மருதின் காய்க்கு ஐந்து சிறகுகள். வெட்பாலையின் இரட்டைக் காய் வெடித்தால் பட்டுக் குஞ்சம் கட்டிய விதைகள் பறக்கின்றன. இலவம் பஞ்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவை ஏன் கோடையில் முதிர்கின்றன? மரங்களில் இலை இல்லாதபோதுதான் காற்று தடையின்றிக் காட்டுக்குள் வீசும். நாங்கள் செத்த காலம் என்று எண்ணியது காட்டின் விதைப்புக் காலம் அன்றோ!

அடுத்து, உயிர்களின் உதவி. ஆல், அத்தி, சந்தனப் பழங்களைப் பறவைகள் தின்று, விதைகளைத் தொலைவில் எச்சமாய் இடுகின்றன. நாயுருவி எங்கள் பாவாடையில் ஒட்டிக்கொண்டு பள்ளி வரை வந்துவிட்டது. ஆமணக்கு விதையின் நுனியிலுள்ள கொழுப்புள்ள சதைக்காக எறும்புகள் அதனை இழுத்துச் செல்கின்றன. நெல்லியைப் பற்றி வட இந்தியாவின் ராஜாஜி தேசியப் பூங்காவில் ஆராய்ந்துள்ளனர். புள்ளிமான் நெல்லிக்கனியை விழுங்கி, வேறிடத்தில் படுத்து அசைபோடும்போது கொட்டையை உமிழ்கிறது. அந்தக் கொட்டை வெயிலில் உலர்ந்து, 'பட்' என்று வெடித்து விதைகளைச் சிதறுகிறது.

எங்கள் பிழை

இப்போது எங்கள் பாத்திக்கு வருவோம். கொன்றையின் நீண்ட காய் தானாக வெடிப்பதில்லை. குரங்கு, நரி, கரடி முதலியவை உள்ளிருக்கும் இனிப்புச் சதைக்காக அதனை உடைக்கின்றன. விதையின் தோலோ நீர் புகாத அளவு கடினமானது. விலங்கின் வயிற்றைக் கடந்து வரும்போது அந்தத் தோல் இளகுகிறது. இல்லையேல் விதை மண்ணில் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதுதான். வேம்பின் கதை இதற்கு நேர் எதிர். வேப்பங்கொட்டை சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழக்கத் தொடங்கும். அதனால்தான் பழம் பழுக்கும்போதே பறவைகளும் வௌவால்களும் தின்று, மழை நாளில் விதையைச் சேர்த்துவிடுகின்றன. ஒரு விதைக்குப் பொறுமை மிகுதி. மற்றொன்றுக்குப் பொறுமையே இல்லை. நாங்களோ இரண்டையும் ஒன்றுபோல நடத்தினோம்!

இந்த ஆண்டு மீண்டும் முயன்றோம். கொன்றை விதைகளைக் கருங்கல்லில் தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்தோம். வேப்பம்பழத்தைப் பொறுக்கிய அன்றே சதை நீக்கி விதைத்தோம். இரண்டு வாரத்தில் கொன்றை முளைகள் தலைகாட்டின. வேம்பும் பின்தொடர்ந்தது. அந்தக் கன்றுகளை இன்று கிணற்றடியில் நீங்கள் காணலாம்.

முடிவுரை

கரடியும் நரியும் பல நாள் செய்யும் வேலையில் ஒரு சிறு பகுதியைச் செய்யவே நாற்பது பெண்களும் ஒரு கருங்கல்லும் தேவைப்பட்டன. விலங்குகள் மறைந்தால் காட்டில் மரம் நிற்கும். ஆனால் அதன் பிள்ளைகள் தொலைவு செல்லா. மற்றொன்றும் கூற விரும்புகிறோம். கோடையில் சருகுக்குத் தீ வைப்போர், அது வெறும் குப்பை என்று எண்ணுகின்றனர். வேங்கைக் காசும் நெல்லிக் கொட்டையும் மழையை எதிர்நோக்கிக் கிடப்பது அந்தச் சருகின் அடியில்தான். ஆகவே பெற்றோரே, தோழியரே, மலைக்குச் செல்லும்போது ஒரு தீக்குச்சியையும் அங்கே எறியாதீர்கள். மொட்டையாய் நிற்கும் காட்டைக் கண்டு செத்தது என்று கூறாதீர்கள். அது விதைத்துக்கொண்டிருக்கிறது.

— பத்தாம் வகுப்பு மாணவியர்